பதிவேட்டில் 31, குங்குமத்தில் 34

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் யாராவது என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போக மாட்டேன். அன்றைக்குத் தொழிற்சாலையில் இருக்க வேண்டும். சுண்டலும் பொரியும் மறுநாள்தான் கிடைக்கும் என்பதால், சாப்பாட்டு ஆசையில் போகிறேன் என்றும் யாரும் சொல்ல முடியாது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லாக் கதவும் திறக்கும். பனியன் வேஸ்டும் டீசலுமாக ஒவ்வொரு எந்திரத்தின் முதுகையும் துடைப்பார்கள். மின்பலகைகளைத் திறந்து தூசி ஊதுவார்கள். மேசைக்கடியில் கிடந்தது வெளியே வரும். மறுநாள் காலையில், கழுவித் துடைத்த எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஒன்றைக்கூட விட மாட்டார்கள், விட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்று பயம்.

என் வேலை கணினிப் பராமரிப்பு. இப்போது இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வந்துவிட்டன. ஆனால் கோவைப் பக்கம் குறிச்சியிலும் மலுமிச்சம்பட்டியிலும் 'ஏ.எம்.சி. அக்கா வந்திருக்கிறேன்' என்று சொன்னால்தான் வாட்ச்மேன் கதவைத் திறப்பார். வருட ஒப்பந்தம், மாதம் இவ்வளவு என்று கணக்கு. இருபத்திரண்டு கம்பெனிகள், நான், இரண்டு பையன்கள், ஒரு பழைய ஸ்கூட்டர். எல்லாரும் வார்ப்பு, பம்பு, வால்வு, மோட்டார் வாகன உதிரிப்பாகம் செய்கிறவர்கள். இருபது வருடத்துக்கு முன் அதே வட்டாரத்தில் ஒரு பம்பு கம்பெனியில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடும் பெண்ணாகத் தொடங்கினேன். கம்ப்யூட்டர் நின்றுபோனால் சரிசெய்ய வருகிறவருக்காக மூன்று நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நானே மூடியைக் கழற்றியதுதான் ஆரம்பம்.

இந்தப் பதிவு ஒரு கம்பெனியைப் பற்றியது. பெயர் வேண்டாம். கணினி நிரலால் ஓடும் சி.என்.சி. எந்திரங்கள் பதினான்கு, ஏறக்குறைய தொண்ணூறு பேர். வார்ப்புகளை வாங்கிக் கடைந்து, துளையிட்டு, அளந்து, ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். பெரியவர் ஒற்றை லேத்தில் தொடங்கியவர். என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். இப்போது நிர்வாகம் மகன் கையில்.

2024-இல் ஜெர்மன் வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது: டிசாக்ஸ் மதிப்பீடு முடித்தால்தான் புதிய ஆர்டர். ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம் உருவாக்கிய கேள்வித் தொகுப்பின்படி, என்க்ஸ் என்ற அமைப்பு நடத்தும் தகவல் பாதுகாப்பு மதிப்பீடு அது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5 வரை முதிர்ச்சி நிலை உண்டு, 3 இருக்க வேண்டும் என்பது இலக்கு. தேறினால் மூன்று வருடத்துக்குச் செல்லும். முதலில் நாமே நமக்கு மதிப்பெண் போட வேண்டும், அதன் பிறகு தணிக்கையாளர் பார்ப்பார்.

நாமே போட்டுக்கொள்வதில்தான் வில்லங்கம். இந்த ஊரில் ஒரே கொள்கை ஆவணம் எத்தனை கம்பெனிகளில் சுற்றுகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வார்ப்பாலையில் 38 பக்கத்தில் அழகான கோப்பு காட்டினார்கள். பதினோராம் பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பெயர் அப்படியே இருந்தது. அதே கோப்பில் 'மேசை எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும்' என்று ஒரு விதி. அந்த மேசைமேல் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு கருமணல். உண்மையிலேயே விதிப்படி நடக்கிற ஒரே ஆள் பெரும்பாலும் வாட்ச்மேன்தான். வந்தவர் பெயர், வண்டி எண், வந்த நேரம், போன நேரம், யாரைப் பார்க்க என்று கோடு போட்ட நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். அவரை யாரும் தகவல் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பியதில்லை.

மற்றவர்களைக் கிண்டல் செய்கிறேனே, நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2020 மார்ச் ஊரடங்கில் இதே கம்பெனியின் கணக்காளர் அம்மாவுக்கு வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டியிருந்தது. சம்பளம் போடவேண்டிய வாரம். தொலைவிலிருந்து சர்வருக்குள் வருவதற்கான 3389 என்ற வாசலை ரவுட்டரில் நான்தான் திறந்துவிட்டேன், 'பத்து நாளைக்குத்தானே' என்று. பத்து நாள் பதினேழு மாதமானது. அந்த வாசலை இணையம் முழுக்க இரவும் பகலும் யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள், அதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. மறந்துவிட்டேன். கடவுச்சொல் கம்பெனி பெயரும் 123-உம்.

2021 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை 8.40-க்கு அந்த அம்மா கூப்பிட்டார். 'எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் என்னவோ வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.' ஸ்கூட்டரில் போகும்போதே புரிந்துவிட்டது. டேலி, வரைபடங்கள், ஆய்வு அறிக்கைகள் எல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பு. காப்புப் பிரதி எடுக்கும் பெட்டியைச் சர்வரிலேயே ஒரு டிரைவாக இணைத்து வைத்திருந்தேன். வந்தவன் அதையும் சேர்த்தே பூட்டியிருந்தான். தினமும் காலையில் அந்தப் பெட்டியில் பச்சைக் குறி வந்திருக்கிறதா என்று பார்ப்பேன், வந்திருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்த்ததில்லை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் வேறொரு வாடிக்கையாளரின் கேள்வித்தாளில், காப்புப் பிரதியிலிருந்து மீட்டெடுத்துச் சோதிக்கிறீர்களா என்ற வரிக்கு நேராக 'ஆம்' என்று தட்டியிருந்தேன். தட்ட அரை நொடிகூட ஆகவில்லை.

மிஞ்சியது பெரியவர் வீட்டு பீரோவில் இருந்த ஒரு வன்தட்டு. 43 நாள் பழையது.

அந்த வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தந்ததில்லை. எந்திரங்கள் நிற்கவில்லை. கடைசல் நிரல்கள் ஒவ்வொரு எந்திரத்தின் நினைவகத்திலும் இருந்தன, சர்வர் செத்தது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. திங்கட்கிழமை முழுக்க உலோகச் சுருள் விழுந்துகொண்டே இருந்தது. நின்றது வேறு: எந்த வரைபடம் கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு துளையின் அளவை வாடிக்கையாளர் ஜூலையில் மாற்றியிருந்தார். அந்தத் திருத்தம் சர்வரில் மட்டும்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் சூப்பர்வைசரே ஓடிப்போய் மூன்று எந்திரங்களை நிறுத்தினார். தப்பான அளவில் ஓடவிடுவதைவிட நிறுத்துவது மேல் என்றார். கடைசியில் காப்பாற்றியது ஆய்வுப் பிரிவில் இருந்த ஒரு அண்ணா. கம்ப்யூட்டரை நம்பாத மனிதர், ஒவ்வொரு திருத்தத்தையும் அச்சிட்டுத் தன் மேசை இழுப்பறையில் அடுக்கி வைத்திருந்தார். வரைபடங்களைத் தாறுமாறாக அச்சிட்டு வைக்கக் கூடாது என்று முந்தின வருடம் அவரிடம் நான்தான் சண்டை போட்டிருந்தேன்.

பணம் கொடுக்கவில்லை. பதினேழு நாள் மூன்று பெண்கள் உட்கார்ந்து பில் கோப்புகளைப் பார்த்து டேலியில் திரும்ப அடித்தார்கள். பெரியவர் என்னிடம் கத்தவில்லை. 'வாசலைத் திறந்தது யார்?' என்று ஒரே ஒரு முறை கேட்டார். 'நான்தான் ஐயா' என்றேன். 'சரி, பூட்டு' என்றார். ஒப்பந்தத்தை ரத்து செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. அது என்னவோ எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த வருடத்திலிருந்துதான் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நோட்டும் பேனாவுமாகப் போகத் தொடங்கினேன்.

காரணம் எளிது. டிசாக்ஸ் ஆகட்டும், ஐ.எஸ்.ஓ. 27001 என்ற தகவல் பாதுகாப்புத் தரநிலை ஆகட்டும், சொத்துப் பட்டியல் கேட்காமல் விடாது: உன்னிடம் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யார்? எனக்குத் தெரிந்து எல்லாரும் மிக அசட்டையாக நிரப்புவது இந்தப் பகுதியைத்தான். ஆனால் பட்டியலில் இல்லாத பெட்டிக்கு யாரும் மென்பொருள் ஓட்டையை அடைக்கும் ஒட்டுப் போட மாட்டார்கள், கடவுச்சொல் மாற்ற மாட்டார்கள். வான்னாகிரை என்ற கணினிப் புழு 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான ஒட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. ஒன்றேகால் வருடம் கழித்து, 2018 ஆகஸ்டில், மற்ற கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் சில்லு செய்து தருவதில் உலகத்திலேயே பெரிய நிறுவனமான தைவானின் டி.எஸ்.எம்.சி. அதே புழுவின் ஒரு வகையால் நின்றது. புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் வலையமைப்பில் செருகிவிட்டார்கள். அங்கேயே அப்படி என்றால் நம் குறிச்சியில் சொல்லவா வேண்டும்?

இங்கே உள்ள சி.எம்.எம். என்கிற அளவீட்டு எந்திரத்தைப் பாருங்கள். கிரானைட் மேசை, மாணிக்க முனை, இரண்டு மைக்ரான் வரை துல்லியம். அதை ஓட்டுவது 2012-இல் வாங்கிய, விண்டோஸ் 7 போட்ட ஒரு கம்ப்யூட்டர். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. மாற்றலாமா என்று கேட்டால், எந்திரம் விற்றவர்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்று பதினொரு லட்சத்துக்கு விலை கொடுத்தார்கள். அளவில் ஒரு குறையும் இல்லாத எந்திரத்துக்குப் பதினொரு லட்சம் செலவழிக்கச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அலுவலகக் கணினிக்குச் சொல்லும் 'உடனே புதுப்பி' என்ற அறிவுரை பட்டறையில் எடுபடாது. பதிலாகத் தனியாகப் பிரித்து வைத்தேன். கணினிகளை இணைக்கும் வலையமைப்பு சுவிட்சில் அதற்கென்று ஒரு தனி மண்டலம், அதற்கு இணையம் கிடையாது. அறிக்கை மட்டும் ஒரே ஒரு கோப்புறைக்கு வெளியே போகலாம், வேறு எதுவும் உள்ளே வர முடியாது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான ஐ.இ.சி. 62443 தரநிலையும் மண்டலம், வழித்தடம் என்று இதைத்தான் சொல்கிறது. பென் டிரைவ் தேவைப்பட்டால் சிவப்பு நிறத்தில் ஒன்றே ஒன்று. அதை ஒரு சாண் நீள மரக்கட்டையில் மின்கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன், யாரும் பாக்கெட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதபடி. மதிப்பீட்டுக்கு முன் மகன் அதை மறைக்கச் சொன்னார், அசிங்கமாக இருக்கிறதாம். நான் மறைக்கவில்லை. தணிக்கையாளர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார், பிறகு தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டார்.

நேரத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. நம் நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை போட்டது. இணையத் தாக்குதலைக் கண்டால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கணினிக் கடிகாரங்களும் அரசு நேர சர்வர்களோடு ஒத்துப்போக வேண்டும். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அந்த வருடம் செப்டம்பர் 25 வரை அவகாசம் கிடைத்தது. முதல் இரண்டும் எல்லாருக்கும் புரிந்தன. கடிகாரம் எதற்கு என்று மகன் கேட்டார். போய்ப் பார்த்தோம். கேமரா பதிவுப் பெட்டி 23 நிமிடம் முந்தியிருந்தது, வருகைப்பதிவு எந்திரம் 11 நிமிடம் பிந்தியிருந்தது. யாரோ உள்ளே வந்தார்கள் என்று இரண்டையும் வைத்துக் கண்டுபிடிக்கப் போனால், வருகைப்பதிவில் வெளியே போனவர் கேமராவில் இன்னும் உள்ளே வந்திருக்கவே மாட்டார். இரண்டையும் சரிசெய்தேன். அதன் விளைவு மறுநாள்தான் தெரிந்தது. எட்டரை ஷிப்டுக்கு 8.41-க்கு வந்து நேரத்தோடு வந்ததாகக் கைவிரல் வைத்துக்கொண்டிருந்த பாதிப்பேருக்கு அந்தப் பதினோரு நிமிடம் போய்விட்டது. ஒரு வாரம் எனக்கு யாரும் டீ கொண்டுவரவில்லை.

2025-இல் ஆயுத பூஜை அக்டோபர் 1. முந்தின நாள் மதியம் போனபோது பெரியவர் நாளிதழோடு உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்தில் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைகள் ஆகஸ்ட் கடைசியில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு ஒரு மாதமாக ஓடவில்லை. பின்னால் அங்கே ஒரு கண்காணிப்பு மையம் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பை 190 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. அன்றைக்கு அந்தக் கணக்கு வந்திருக்கவில்லை, பெரியவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

'டாடாவுடைய கம்பெனி அம்மிணி. அவர்களிடம் உன்னைப் போல் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களாலேயே முடியவில்லை. அப்புறம் மாதாமாதம் உனக்கு எதற்குப் பணம்?'

ஏ.எம்.சி. தொழிலில் இதைவிடப் பழைய கேள்வி கிடையாது. ஒன்றும் நடக்காத மாதத்துக்கு ஏன் பணம் என்பார்கள். ஏதாவது நடந்தால் அப்புறம் உனக்கு எதற்குப் பணம் என்பார்கள். வழக்கமாக நான் பதிலுக்கு, ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் விடுவதைச் சொல்லுவேன், அது அவருக்குப் புரியும். அன்றைக்கு வேறு ஒன்று சொன்னேன். 2022 மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டா தன் 14 ஆலைகளையும் நிறுத்தியது. தாக்கப்பட்டது டொயோட்டா அல்ல. கோஜிமா என்ற உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி. அதிலும் அதன் துணை நிறுவனம் தொலைவிலிருந்து இணைய வைத்திருந்த ஒரு கருவி வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். ஒரே நாளில் ஏறக்குறைய 13,000 வண்டிகள் செய்யப்படவில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'அதனால்தான் ஜெர்மன்காரன் நம் வீட்டுப் பூட்டைப் பார்க்கிறானா?' என்றார்.

'அதனால்தான் ஐயா.'

'அவன் வீட்டுப் பூட்டை நாம் பார்க்கலாமா?'

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வித்தாளில் அதற்கு இடமும் இல்லை.

மறுநாள் பூஜை முடிந்து, வெள்ளைப் பூசணி உடைத்து, கற்பூரம் அணைந்த பிறகு எண்ண ஆரம்பித்தேன். ஜூனில் நானே சரிபார்த்துக் கையெழுத்திட்ட பதிவேட்டில் 31 கம்ப்யூட்டர்களும் வலையமைப்புக் கருவிகளும் இருந்தன. குங்குமம் வைத்தவை 34.

ஒன்று ஸ்டோர் அறை மூலையில், எடை எந்திரத்துக்கு லேபிள் அடிக்கும் விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர். அதன்மேல் சாக்குகளை அடுக்கியிருந்ததால் நான் மேசை என்றே நினைத்திருக்கிறேன். இன்னொன்று குடிநீர்க் குளிர்பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்த வைஃபை பெருக்கி. இரவு ஷிப்டில் யாரோ படம் பார்க்கத் தன் காசில் வாங்கி வைத்தது. யார் என்று நான் கேட்கவில்லை, கழற்றி மேசைமேல் வைத்தேன், மறுநாள் காணவில்லை. மூன்றாவது, ஏர் கம்ப்ரசரின் மின்பலகைக்குள். தீப்பெட்டிகள் நான்கை அடுக்கியது போல ஒரு சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ஆன்டெனா, ஒரு பச்சை விளக்கு. நெற்றியில் புதுக் குங்குமம், அதன் கீழே காய்ந்துபோன பழைய குங்குமம். சென்ற பூஜைக்கும் அது அங்கே இருந்திருக்கிறது. உள்ளே ஒரு சிம் கார்டு. ஒரு கேபிள் கம்ப்ரசருக்கும் இன்னொன்று நம் சுவிட்சுக்கும் போயிருந்தது.

அதாவது, நான் அத்தனை பாடுபட்டுப் பூட்டிய வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு கொல்லைக் கதவு, அதற்குத் தனியாக ஒரு கைப்பேசி இணைப்பு.

யாருடையது என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டேன், 'வந்தவர்கள் வைத்தார்கள் அக்கா' என்றார். பராமரிப்புப் பிரிவைக் கேட்டேன், கணினிப் பிரிவுடையது என்று நினைத்தார்களாம். கணினிப் பிரிவு நான். கம்ப்ரசர் வாங்கிய கோப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சுவிட்சுக்குப் போன கேபிளை உருவினேன், சிம் கார்டையும் எடுத்து ஒரு கவரில் போட்டேன். மகன் பயந்தார், கம்ப்ரசர் நின்றுவிட்டால் பதினான்கு எந்திரமும் நிற்கும். நிற்கவில்லை. தன்பாட்டுக்கு ஓடியது.

விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளாக வந்து விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை 9.10-க்கு அலுவலகத்துக்குப் புனேயிலிருந்து ஒரு அழைப்பு. பையன் குரல், இந்தியும் ஆங்கிலமுமாக. உங்கள் ஆலையில் எங்கள் கருவி இரண்டு நாளாக இணைப்பில் இல்லை, மின்தடையா என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தான்.

ஒலிபெருக்கியில் போடச் சொல்லிப் பேசினேன். எப்போதிலிருந்து பார்க்கிறீர்கள்? இரண்டு வருடமாக. என்ன பார்க்கிறீர்கள்? வெப்பநிலை, அழுத்தம், ஓடிய மணி நேரம். சுவிட்சில் எதற்குச் செருகினீர்கள்? நிறுவ வந்தவர் சிம் கார்டில் சிக்னல் வரவில்லை என்றால் உதவும் என்று செருகியிருக்கலாம், மேடம். உங்கள் பக்கம் எத்தனை பேரிடம் அதன் கடவுச்சொல் இருக்கிறது? அதற்கு அவன் தன் மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

மேலாளர் மாலைக்குள் எழுத்தில் பதில் அனுப்பினார். கடவுச்சொல் ஒன்றுதானாம், நாடு முழுக்க அவர்களுடைய எல்லாப் பெட்டிக்கும். பெரியவர் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு என் பதிவேட்டைக் கேட்டார். 34-ஆவது வரியில் கருவியின் பெயர், இடம், வரிசை எண் எல்லாம் எழுதியிருந்தேன், பொறுப்பாளர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து அதில் தன் பெயரை எழுதினார். கைநடுக்கத்தில் கோடு பக்கத்துக் கட்டத்துக்கும் போய்விட்டது. அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.